வெளுத்தவரை விரட்டிய விதி

தெருவிலே சாக்கடை தேங்கலாகாது. இடிந்து விழும் நிலையிலுள்ள சுவரைச் செப்பனிடாமல் வைத்திருக்கலாகாது. ஊர் உறங்கும் வேளையிலே ஓசை எழுப்பலாகாது. அடுத்த வீட்டுக் கூரைமேல் பொறி பறக்கும்படி அடுப்பு மூட்டலாகாது. இவற்றை ஒரு நகர மன்றம் விதியாக எழுதி வைத்தால், வேண்டாம் என்று எவர் சொல்வார்? நாம் சொல்லமாட்டோம். கொள்ளைநோய் வந்தால் அம்மனின் சீற்றம் என்று கூழ் ஊற்றுவதை விட்டுச் சாக்கடையைக் கழுவுங்கள், கிணற்றுக்கு மருந்திடுங்கள் என்று ஊர்தோறும் சொல்லி வருகிறவர்கள் நாம். ‘விதி’ என்ற சொல்லுக்குத் தலையெழுத்து என்று பொருள் கூறுவோரோடு நமக்குப் பகை. அதே சொல்லுக்கு நகரத்தின் நல்லொழுங்கு என்று பொருள் கூறுவோரோடு நமக்கு உறவு.

அந்த உறவுடையோர் என்பதனாலேயே ஒரு வரலாற்றை நாம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தலையெழுத்து என்ற பொய் செய்கிற வேலையை, நகரத்து நல்லொழுங்கு என்ற மெய்யும் செய்யக்கூடும் என்று காட்டிய வரலாறு அது. சட்டத்தின் ஏட்டிலே சாதியின் பெயர் இல்லை, இனத்தின் பெயர் இல்லை, நிறத்தின் பெயர் இல்லை. செங்கல் என்றும் மரம் என்றும் மட்டுமே எழுதியிருந்தது. ஆயினும் சிறைக்குச் சென்றவர் அனைவரும் ஒரே இனத்தவர்! எப்படி நேர்ந்தது?

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோ என்ற துறைமுக நகரம். 1848 ஜனவரியில் அந்நிலப்பகுதியிலே பொன் கிடைத்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர், இரண்டே ஆண்டில் பல்லாயிரவர் மொய்க்கும் நகரமாயிற்று. பொன் தேடி வந்தவனுக்குக் கல்லடுக்கி வீடு கட்டப் பொறுமை ஏது? மரப்பலகையை அடித்தான், மேலே துணியை விரித்தான், உள்ளே விளக்கை ஏற்றினான். 1849 டிசம்பர் தொடங்கி 1851 ஜூன் முடிய, ஒன்றரை ஆண்டுக்குள் ஆறு முறை பெருந்தீ அந்நகரைத் தின்றது. ஆகவே, நெருப்பைக் கண்டு அந்நகரம் அஞ்சியது என்றால், அந்த அச்சம் நடிப்பன்று. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். ஏனெனில் மெய்யான அச்சத்தின் முதுகிலேதான் பொய்யான நியாயம் ஏறி வந்தது.

பொன் தேடி வந்தவருள் சீனரும் இருந்தனர். பெரும்பாலோர் தென் சீனத்துக் குவாங்டுங் மாநிலத்து உழவர் மக்கள். 1850இல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின்மீது மாதம் 20 டாலர் வரி விதித்தார்கள். 1854இல், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் நீதிமன்றத்தில் சாட்சி கூறவே கூடாது என்று கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பினால் கொலைக் குற்றவாளி ஒருவன்மீது விதித்த தண்டனை கலைந்து போயிற்று. பிறகு கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப் பாதை போடும் வேலை வந்தது. பனி மூடிய சியரா நெவாடா மலைகளைக் குடைந்து பாதை போடப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட சீனர் உழைத்தனர். 1869 மே 10ஆம் நாள் இரு பாதைகளும் இணைந்தன. விழா எடுத்தார்கள். வேலை முடிந்தது, வேலையாளும் வேண்டாதவனானான்.

சுரங்கம் மூடப்பட்டது; பாதை முடிந்தது; நிலம் கிட்டவில்லை. எஞ்சியிருந்த வேலைகளுள் ஒன்று அழுக்குத் துணி வெளுப்பது. பெண்கள் மிகக் குறைவாயிருந்த அந்நகரில், துணி வெளுப்பது பெண்ணின் வேலை என்று கருதிய வெள்ளை ஆண்கள் அதைத் தொட மறுத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அழுக்குச் சட்டையைக் கப்பலேற்றி ஹவாய்த் தீவுக்கும் சீனத்துக்கும் அனுப்பி வெளுத்து வாங்கினவர்கள்கூட உண்டென்றால், இறுமாப்பின் விலையைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள்! சீனர் அந்த வேலையை ஏற்றனர்.

இங்கே ஒரு சொல். அவர்கள் பிறந்த நாட்டிலே சலவை ஆண்களின் தொழிலாக இருந்ததில்லை. எந்தப் பாட்டனும் அதைப் பேரனுக்கு விட்டுச் சென்றதில்லை. எந்தச் சாத்திரமும் ‘நீ வெளுக்கப் பிறந்தவன்’ என்று அவர்கள் நெற்றியிலே எழுதியதில்லை. ஆனால், இருபது முப்பது ஆண்டுக்குள், ‘சீனன் என்றால் சலவைக்காரன்; அவன் இயல்பே அது’ என்று அமெரிக்கச் செய்தித்தாள்கள் கேலிப்படம் போட்டன. ஏனைய கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டு, திறந்திருந்த ஒரே கதவு வழியாக அவன் நுழைந்ததும், ‘பார், அவனுக்கு அந்தக் கதவுதான் பிடிக்கும்’ என்பது! குலத்தொழில் என்ற கட்டுக்கதை முளைக்க ஆயிரம் ஆண்டு வேண்டுமென்று நினைத்திருந்தோம். ஒரு தலைமுறை போதுமாம்.

நகர மன்றத்தின் கைவேலை 1870இல் தொடங்கிற்று. தோளிலே கழி வைத்து இருபுறமும் கூடை தொங்கவிட்டு நடைபாதையில் நடப்பது குற்றம் என்றொரு விதி. போவோர் வருவோர்க்கு இடையூறு என்பது காரணம். கழி சுமந்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அதே ஆண்டு காற்றளவு விதி வந்தது. தங்கும் விடுதியிலே தலைக்கு 500 கன அடி காற்றிடம் இருக்க வேண்டும். அதாவது எட்டடி நீளம், எட்டடி அகலம், எட்டடி உயரமுள்ள அறையில் ஒருவர்தான் உறங்கலாம். படித்தால் எவ்வளவு அழகான விதி! நெருக்கமும் நோயும் உடன்பிறப்புகள் என்பதை அறிந்தவர் இதனைப் போற்றவே செய்வர். ஆனால் ஏழை வெள்ளையர் நெருங்கிக் கிடந்த விடுதிகள் நகரெங்கும் இருக்க, காவலர் அளவுகோலோடு நள்ளிரவில் நுழைந்தது சீனர் தெருவில் மட்டுமே. அங்கே வாடகை வாங்கிய கட்டட உரிமையாளருள் வெள்ளையர் மிகுதி. அறையை நெருக்கி விட்டவர் வீட்டிலே உறங்கினார். அறையிலே நெருங்கிக் கிடந்தவர் காவல் வண்டியில் ஏறினார்.

சீனர் ஒன்று செய்தனர். தண்டம் கட்ட மறுத்தனர். ‘சிறையா? வருகிறோம்’ என்று கூட்டங்கூட்டமாகச் சென்றனர். சிறை நிரம்பிற்று. நிரம்பிய சிறையிலே தலைக்கு 500 கன அடி காற்று இருந்ததா? இல்லை! காற்றளவு விதியை மீறியதாகச் சொல்லி, காற்றளவு விதியை மீறிய கொட்டடியிலே அடைத்து வைத்தது அந்நகரம்.

வெட்கப்பட்டிருக்க வேண்டிய மன்றம் வெகுண்டது. சிறையைக் கண்டு சீனன் அஞ்சவில்லை என்றால், அவன் எதற்கு அஞ்சுவான் என்று ஆராய்ந்தது. 1876இல் ஒரு விதி: சிறைக்கு வரும் ஒவ்வொருவரின் தலைமயிரும் ஓர் அங்குல நீளத்துக்கு மேல் இல்லாதபடி வெட்டப்பட வேண்டும். சிறையின் துப்புரவுக்காகவாம்! சீனர் பின்னந்தலையில் நீண்ட பின்னல் வளர்த்தவர்கள். பின்னலிழந்து ஊர் திரும்புவது அவர்களுக்கு அவமானம், ஆபத்துங்கூட. 1878இல் ஹோ ஆ கோ என்பவருக்குக் காற்றளவுக் குற்றத்துக்காகப் பத்து டாலர் தண்டம் விதித்தனர். கட்டாமல் ஐந்து நாள் சிறை சென்றார். ஷெரீப் நூனன் பின்னலை வெட்டினார். வெளியே வந்த ஹோ ஆ கோ, அந்த ஷெரீபின்மேலேயே வழக்குத் தொடுத்தார்.

பகுத்தறிவாளர் சிலர் இங்கே நம்மை மறிக்கக்கூடும். “பின்னல்தானே? நம் ஊர்க் குடுமியைப் போல! போனால் போகட்டுமே, பழைமையின் வால் அறுந்தது என்று மகிழ்வோமே!” என்பர். உண்மைதான். அந்தப் பின்னல் அடிமைச் சின்னம். 1645இல் சீனத்தை வென்ற மஞ்சூ அரசர், ‘பின்னலா, தலையா’ என்று கேட்டுச் சீன ஆண்களின்மேல் சுமத்திய சின்னம் அது. சுன் யாட் சென் 1895இல் தம் பின்னலைத் தாமே அறுத்தெறிந்தார். 1911 புரட்சி வென்றபின் ஆயிரமாயிரம் இளைஞர் அறுத்தெறிந்தனர். அதை நாம் கொண்டாடுகிறோம். ஆனால், சுன் யாட் சென்னின் கையிலிருந்த கத்தரியும் நூனனின் கையிலிருந்த கத்தரியும் ஒன்றாகுமா? தானே அறிந்து தன் விலங்கை முறிப்பவன் ஒருவன். ஒருவனை இழிவுபடுத்தவே அவன் மயிரைப் பிடித்திழுப்பவன் மற்றொருவன். வெட்டப்பட்ட மயிர் ஒன்றே என்பதனால் வெட்டியவரும் ஒருவரே ஆகிவிட மாட்டார்.

1879இல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட், அந்தப் பின்னல் விதி செல்லாது என்று தீர்த்தார். பொது விதியைப் போல எழுதப்பட்டிருப்பினும், அது எவரை நோக்கி எய்யப்பட்டது என்பதை ஊரே அறியும். நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துவிட்டால், மனிதனாக இருந்து கண்டதை நீதிபதியாக இருந்து காணாமல் குருடாகிவிட முடியாது என்னும் கருத்துப்பட எழுதினார். நல்ல வாக்கு. இந்த வாக்கை ஃபீல்ட் பின்னொரு நாள் மறந்தார் என்பதையும் பார்க்கப் போகிறோம்.

இதனிடையே 1877 ஜூலையில் வேலையற்றோர் கூட்டம் வெறிக் கூட்டமாயிற்று. சீனர் தெருவைத் தாக்க முயன்றது. நகரெங்கும் சிதறிக் கிடந்த சலவைக் கூடங்களை உடைத்தது, கொளுத்தியது. அந்த நெருப்பிலே கட்சி வளர்த்தவர் டெனிஸ் கியர்னி. ‘சீனர் வெளியேற வேண்டும்’ என்பது அவர் மேடைதோறும் முழங்கிய முழக்கம். அவரே அயர்லாந்திலிருந்து குடியேறியவர்! கூலியைக் குறைத்த முதலாளியை விட்டுவிட்டு, குறைந்த கூலி வாங்கிய தொழிலாளியின்மேல் பாயும்படி தொழிலாளியை ஏவிவிடும் கலை அங்கேயும் தேர்ந்திருந்தது. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே தடுக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிற்று.

வெளியிலிருந்து வருவோரை நாடாளுமன்றம் தடுத்தது. உள்ளே இருப்போரை விரட்டுவதை நகர மன்றம் ஏற்றது. சலவைக் கூடத்துக்கு உரிமக் கட்டணம் வைத்தபோது, ஒற்றைக் குதிரை வண்டி வைத்திருப்பவருக்குக் குறைந்த கட்டணம். வண்டியே இல்லாமல் துணியைக் கையில் சுமப்பவருக்குக் காலாண்டுக்கு 15 டாலர். குதிரை இல்லாதவன்மேல் குதிரையைவிடப் பெரிய சுமை! 1882இல் வேறொரு விதி: சலவைக் கூடம் நடத்த வேண்டுமானால், அந்தத் தெருப் பகுதியிலே வாழும் குடிமக்களாகிய வரி செலுத்துவோர் பன்னிருவரின் பரிந்துரை வேண்டும். நடத்துபவன் நல்லவனா, இடம் துப்புரவானதா என்பது கேள்வியன்று. அண்டை வீட்டாரில் பன்னிருவருக்கு அவனைப் பிடிக்கிறதா என்பதே கேள்வி. அண்டை வீட்டாரின் விருப்பு வெறுப்பை ஒருவனின் பிழைப்புக்கு நீதிபதியாக்கலாகாது என்று அதையும் ஃபீல்ட் செல்லாததாக்கினார்.

இனி நாம் தொடக்கத்திலே சொன்ன செங்கல்லுக்கு வருவோம். 1880 மே மாதத்திலும் ஜூலையிலும் நகர மன்றம் பிறப்பித்த ஆணை சுருக்கமானது. நகர எல்லைக்குள் சலவைக் கூடம் நடத்த மன்றத்தின் இசைவு வேண்டும். செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய கட்டடமாயின் இசைவு வேண்டியதில்லை. மீறினால் ஆயிரம் டாலர் வரை தண்டம், அல்லது ஆறு திங்கள் வரை சிறை, அல்லது இரண்டும். அவ்வளவே. நீரைக் கொதிக்க வைக்க அடுப்பு எரிகிறது. தேய்ப்புப் பெட்டியைச் சூடேற்ற அடுப்பு எரிகிறது. மரக் கட்டடத்திலே எரிகிறது. மன்றம் கண்காணிக்க வேண்டாவா? வேண்டும் என்றே எவரும் சொல்வர்.

ஆனால், எண்ணிக்கையைப் பாருங்கள், தோழர்களே! நகரிலே ஏறத்தாழ 320 சலவைக் கூடங்கள். அவற்றுள் 240 சீனருடையவை. அந்த 320இல் மரத்தால் ஆனவை ஏறக்குறைய 310. ஏன்? நகரத்து வீடுகளிலேயே பத்தில் ஒன்பது பங்கு மரவீடுகள்! அந்த வீடுகளிலெல்லாம் அடுப்பு எரியாமலா இருந்தது? ஆக, அந்த ஆணை யாரையும் செங்கல் வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லோரையும் மன்றத்தின் வாயிலுக்கு அனுப்பிற்று. அங்கே, ஆம் என்பதும் இல்லை என்பதும் மன்றத்தாரின் விருப்பம். எத்தகைய அடுப்பு இருந்தால் இசைவு? சுவருக்கும் அடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? புகைபோக்கி எவ்வளவு உயரம்? ஒரு சொல் இல்லை. அளவுகோல் இல்லாத விதி அது. காற்றளவு விதியிலாவது 500 என்றோர் எண் இருந்தது. இதிலே அதுவும் இல்லை.

சீனர் இருநூறு பேருக்கு மேல் இசைவு கேட்டனர். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாதார் ஏறத்தாழ எண்பது பேர் கேட்டனர். ஒருவர் நீங்கலாக அனைவருக்கும் கிடைத்தது. அதே மரம், அதே அடுப்பு, அதே தெரு! வெள்ளையரின் அடுப்பில் எரிந்த நெருப்பு அடங்கி எரியும் நெருப்பு போலும்! நூற்றைம்பது சீனருக்கு மேல் கைதாயினர்.

அவர்களுள் ஒருவர் யிக் வோ என்று ஏட்டிலே குறிக்கப்பட்டவர். 1861இல் கலிபோர்னியாவுக்கு வந்தவர். ஒரே கட்டடத்திலே 22 ஆண்டுகளாகச் சலவைக் கூடம் நடத்தியவர். 1884 மார்ச்சில் நகரத்தின் தீயணைப்புக் கண்காணிப்பாளர் வந்து பார்த்தனர். அடுப்பும் புகைபோக்கியும் தேய்ப்புப் பெட்டிச் சூளையும் நல்ல நிலையில் உள்ளன, தீ இடர் இல்லை என்று சான்று தந்தனர். நலத்துறை அலுவலரும், கழிவு நீர் ஒழுங்காகச் செல்கிறது என்று சான்று தந்தார். எதைக் கண்டு அஞ்சுவதாக மன்றம் சொல்லிற்றோ, அதைப் பற்றி நன்கறிந்தவர்கள் நேரில் ஆராய்ந்து அச்சம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டனர். 1885 ஜூன் முதல் நாள் அவர் இசைவு கேட்டார். ஜூலை முதல் நாள் மன்றம் மறுத்தது. காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஆணையிலும் இல்லையே! அவர் தொடர்ந்து நடத்தினார்; பத்து டாலர் தண்டம்; கட்ட மறுத்தார்; சிறை சென்றார்.

அவர் தனியாள் அல்லர். சலவைத் தொழிலாளருக்குத் துங் ஹிங் தோங் என்றொரு சங்கம் இருந்தது. உறுப்பினர் தந்த பணத்தைத் திரட்டி, நகரத்தின் பெயர்பெற்ற வழக்கறிஞர்களை அமர்த்தி, வழக்குக்குப் பின் வழக்காக நடத்தியது அந்தச் சங்கமே. ஆங்கிலம் அறியாதவர், வாக்குரிமை இல்லாதவர், குடியுரிமை பெறவே முடியாதவர் என்றெல்லாம் ஏளனம் செய்யப்பட்டவர்கள், அந்நாட்டு அரசியல் சட்டத்தை அந்நாட்டு நகர மன்றத்துக்குப் படித்துக் காட்டினார்கள். இந்த வரலாற்றில் நம் நெஞ்சை நிமிர்த்தும் பகுதி இதுவே.

எளிதிலே வெல்லவில்லை. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், நகரைத் தீயிலிருந்து காப்பது மன்றத்தின் உரிமை என்று கூறி அவர்களைக் கைவிட்டது. கூட்டாட்சி நீதிமன்றத்து நீதிபதி சாயர், ஆணையின் நோக்கம் சீனரை விரட்டுவதே என்பது தமக்குப் புரிகிறது எனக் கூறியும், மாநில உச்ச நீதிமன்றத்துக்கு எதிராகத் தீர்ப்பளிக்கத் தயங்கினார். வாஷிங்டனிலுள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, 1885இல்தான் அதே நகரத்தின் வேறொரு சலவை விதியை ஏற்றிருந்தது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சலவை வேலை செய்யலாகாது என்ற விதி அது. சீனர்மேல் கொண்ட பகையால் பிறந்த விதி என்று வாதாடினர். எல்லோருக்கும் ஒன்றாக எழுதப்பட்ட விதியிலே, எழுதியவரின் நெஞ்சத்தை நாம் ஆராய்வதில்லை என்று அங்கே எழுதியவர் யார் தெரியுமா? அதே ஸ்டீபன் ஃபீல்ட்! 1879இல் நீதிபதி குருடாக முடியாது என்றவர், 1885இல் கண்ணை மூடிக்கொண்டார். தனி மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நியாயத்துக்குக் காத்திருப்போர் எண்ணிப் பார்க்கட்டும்.

1886 மே 10ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சீனர் உழைப்பால் இருப்புப் பாதை இணைந்த நாளிலிருந்து சரியாகப் பதினேழு ஆண்டு. நீதிபதி ஸ்டான்லி மாத்யூஸ் எழுதினார். நீதிபதிகள் அனைவரும் ஒருமனமாயினர். சட்டத்தின் முகம் நேர்மையாயிருக்கலாம், அதன் எழுத்து நடுநிலையாயிருக்கலாம். ஆனால் அதிகாரிகள் அதைத் தீய கண்ணோடும் ஏற்றத்தாழ்வான கையோடும் நடத்தினால், அதுவும் சமத்துவ மறுப்பே ஆகும் என்பது அதன் சாரம். ஒருவன் தன் பிழைப்பை இன்னொருவனின் வெறும் விருப்பத்தின் தயவிலே வைத்திருப்பானாகில், அதற்கு அடிமைத்தனம் என்றே பெயர் என்னும் கருத்தும் அதில் உண்டு. யிக் வோவும் மற்றவரும் விடுதலை பெற்றனர்.

அந்தத் தீர்ப்பு ஒரு சொல்லின்மேல் நின்றது. கறுப்பின மக்கள் அடிமைத் தளையறுத்தபின், 1868இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் பதினான்காம் திருத்தம் சேர்க்கப்பட்டது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த ‘ஆளுக்கும்’ மாநிலம் மறுக்கலாகாது என்றது அது. ‘குடிமகனுக்கும்’ என்று எழுதியிருந்தால், சீனர் தோற்றிருப்பர். ஏனெனில் அவர்கள் குடியுரிமை பெறச் சட்டமே வழி விடவில்லை. கறுப்பின மக்களின் விடுதலைப் போரிலே விளைந்த சொல், கடல் கடந்து வந்த சலவைத் தொழிலாளியைக் காத்தது. அந்தச் சொல் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. இந்திய அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவிலும், எந்த ஆளுக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்றே இருக்கிறது. எந்த வழக்கை வேண்டுமானாலும் தனி நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்று மேற்கு வங்க அரசு தனக்குத்தானே எழுதிக்கொண்ட அதிகாரத்தை, 1952 ஜனவரியில் அன்வர் அலி சர்க்கார் வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. அப்போது எடுத்துக்காட்டப்பட்ட தீர்ப்புகளுள் யிக் வோவின் தீர்ப்பும் ஒன்று.

சான்பிரான்சிஸ்கோ திருந்திவிட்டதா? 1890இல் நகர மன்றம் முகமூடியையும் கழற்றியது. சீனர் அனைவரும் அறுபது நாளுக்குள் தாங்கள் வாழும் பகுதியைவிட்டு, நகரத்தின் கழிவுத் தொழில்கள் ஒதுக்கப்பட்ட மூலைக்குக் குடிபோக வேண்டும் என்று இனத்தின் பெயரைச் சொல்லியே ஆணையிட்டது. நம் ஊர்ச் சேரியை நினைவூட்டும் ஆணை. முன்பு தயங்கிய அதே சாயர், இம்முறை தயங்காமல் அதைத் தூக்கி எறிந்தார்.

இனிச் சொல்லப் போவது நமக்குச் சற்றுக் கசப்பானது. 1900 மார்ச்சில் சீனர் தெருவிலே ஒருவர் கொள்ளைநோயால் இறந்தார். இம்முறை இடர் மெய். நுண்ணோக்கியில் கண்டு சொன்ன நலத்துறை மருத்துவர் கின்யூன் சொன்னது சரி. வணிகம் கெட்டுவிடும் என்று அஞ்சி நோயே இல்லையென்று சாதித்த ஆளுநர் கேஜ் சொன்னது பொய். அறிவியல் பக்கம் நிற்க வேண்டிய நாம் கின்யூனின் பக்கம்தானே நிற்க வேண்டும்? ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்? சீனர் தெருவைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கயிறு நேராகச் செல்லவில்லை. வெள்ளையரின் கட்டடம் வந்த இடத்திலெல்லாம் வளைந்து அதை வெளியே விட்டது! பம்பாயில் ஹாஃப்கின் 1897இல் கண்ட தடுப்பு மருந்தைக் கொண்டுவந்து, ஆசிய இனத்தவர் மட்டும் குத்திக்கொண்டாலொழிய நகரைவிட்டு வெளியேறலாகாது என்றனர். கிருமி, கடிக்குமுன் இனம் விசாரிக்குமா? நீதிபதி மாரோ அவ்வாண்டு மே மாதத்திலும் ஜூனிலும் இரண்டையும் தடுத்தார். ஓராளின் வீட்டிலே நோய் இருந்தால் அந்த வீட்டைத் தனிமைப்படுத்துவது முறை. ஆயிரக்கணக்கானோரை ஒரே கயிற்றுக்குள் அடைப்பது நோயைப் பரப்பும் வழி என்றும் அவர் சுட்டினார்.

முப்பது ஆண்டுகளாகத் துப்புரவு என்ற பெயரில் அடி வாங்கிய மக்கள், துப்புரவு அதிகாரி மெய்யாகவே உயிர் காக்க வந்தபோது கதவைச் சாத்தினார்கள். நோயாளியை ஒளித்தார்கள், பிணத்தை ஒளித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. 1904 வரை நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொய்க் காரணம் சொல்லிச் சொல்லி, மெய்க் காரணத்தையும் எவரும் நம்பாதபடி செய்தது அந்நகர மன்றம்.

1906இல் நிலம் நடுங்கிற்று. நகரம் மீண்டும் தீயில் வெந்தது. அடுத்த ஆண்டே கொள்ளைநோய் மறுபடி வந்தது. இம்முறை மாண்டோரில் பெரும்பாலோர் வெள்ளையர். கயிற்றை எந்தப் பக்கம் வளைப்பது? அதற்குள் அறிவு ஓரடி முன்னேறியிருந்தது. எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று 1898இல் கராச்சியிலே பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கண்டறிந்ததை, முதலில் நம்பாத உலகம் அப்போது நம்பத் தொடங்கியிருந்தது. மருத்துவர் ரூபர்ட் புளூ எலியின்மேல் போர் தொடுத்தார். வீட்டு அடித்தளத்துக்கும் குதிரைக் கொட்டிலுக்கும் சிமெண்டுத் தரை போட வேண்டும். குப்பையை மூடியுள்ள தகரத் தொட்டியிலே இட வேண்டும். செல்வர் மாளிகைக்கும் அதே விதி, சீனர் கடைக்கும் அதே விதி. எலிக்கு விலை வைத்தனர். பிடித்த எலிகளை ஆய்வுக்கூடத்திலே அறுத்துப் பார்த்தனர். 1908 முடிவதற்குள் நோய் ஓய்ந்தது. இறந்தோர் எண்பதை எட்டவில்லை. இதுவும் நகர விதிதான். வீட்டுக்காரனின் உரிமையிலே தலையிட்ட விதிதான். தண்டத்தோடு வந்த விதிதான். ஆனால் இதிலே அளவுகோல் இருந்தது.

யிக் வோ என்பது அவருடைய பெயரே அன்று, கடையின் பலகையிலே எழுதியிருந்த பெயர் என்றும், உண்மைப் பெயர் லீ யிக் என்றும் ஆராய்ந்தோர் பலர் கூறுவர். கைது செய்த காவலரும் தண்டித்த நடுவரும் ஆளின் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றாமல் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள் போலும். அவர் இசைவு கேட்டதற்கு முந்திய ஆண்டு, 1884இல், அதே நகரத்தில், மேமி டேப் என்ற சீனச் சிறுமியைப் பள்ளியிலே சேர்க்க மறுத்தார்கள். நீதிமன்றம் சேர்க்கச் சொன்னதும், சீனக் குழந்தைகளுக்கென்று தனிப்பள்ளி திறந்து, அங்கே போ என்றார்கள். பின்னாளில் அந்த நகரத்துப் பொதுப் பள்ளி ஒன்றுக்கு, பல இனத்துக் குழந்தைகள் ஒன்றாக அமர்ந்து படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு, பெயர் சூட்ட வேண்டி வந்தது. அந்தச் சலவைக் கூடத்துப் பலகையிலிருந்த பெயரையே சூட்டினார்கள்.